பொருள்: பள்ளி வாசல் குழி

தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்கு எழுதிய விண்ணப்பங்களை எத்தனை ஆயிரம் படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மயிலாப்பூரில் அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தோரு வருடங்களாகப் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். பொதுத்தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போவேன். எந்தக் கட்டைப் பிரித்தாலும் அதே தெரு, அதே விளக்கு, அதே இருட்டு. ‘பெண்களும் முதியவர்களும் நடமாட மிகவும் சிரமப்படுகின்றனர்.’ முழுதாகப் படிக்கவே வேண்டாம். அனுப்புநர் இருக்கிறதா, பெறுநர் இருக்கிறதா, பொருள், ஐயா, செய்தி, இப்படிக்கு, உறைமேல் முகவரி. டிக், டிக், டிக். ஐந்துக்கு ஐந்து.

எங்கள் பள்ளியில் அந்தக் கேள்வியில் யாரும் மதிப்பெண் விடுவதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. தேர்வுத்தாளில் சொந்தப் பெயர் தெரியக் கூடாது என்பதால் அனுப்புநர் இடத்தில் ‘அ அ அ’ என்றுதான் எழுத வேண்டும், ஊருக்கு ‘க க க’. ஜூன் மாதமே இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிடுவேன். மறந்துபோய்ப் பெயரை எழுதுகிற பிள்ளைக்குத் திட்டு விழும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசி மாதம் அது. பள்ளி வாசலுக்கு வலப்பக்கம் மழைநீர் வடிகாலின் மேல் போட்டிருந்த சிமென்ட் மூடி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. யாரோ ஒரு வேப்பங்கிளையை ஒடித்து அந்தக் குழியில் செருகி வைத்திருந்தார்கள். ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பி, வேளச்சேரியில் பறக்கும் ரயிலைப் பிடித்து, திருமயிலையில் இறங்கி நடந்து வரும் நான் தினமும் காலையில் அந்தக் கிளையைப் பார்த்து ஒதுங்கிப் போவேன். சாயங்காலமும் ஒதுங்கிப் போவேன். இலைகள் காய்ந்து உதிர்ந்து வெறும் குச்சி மட்டும் நின்றதுகூட என் கண்ணில் பட்டது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒருநாள் விடிய விடியப் பெய்த மழையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். குச்சி எங்கோ போய்விட்டது. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் உயரமான பெண் ஒருத்தி அந்தத் தண்ணீரில் கால் வைத்து குழிக்குள் போய்விட்டாள். நான் வாசலுக்கு வந்தபோது ஓர் ஆட்டோக்காரரும் எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவும் அவளைத் தூக்கி வெளியே உட்கார வைத்திருந்தார்கள். இடுப்புவரை சாக்கடை. வலது மணிக்கட்டு வேறொரு திசையில் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தன் பை எங்கே என்று கேட்டாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோக்காரர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

“இன்னா டீச்சர், ஒரு மாசமா தொறந்து கீது அந்தக் குழி. தெனம் அதத் தாண்டித்தானே போய்க்கினு வந்துக்கினு இருக்கீங்க? நானு படிக்காதவன். நீங்கள்லாம் படிச்சவங்க. ஒரு லெட்டர் எழுதிப் போடக் கூடாதா?”

முந்தின வாரம்தான் அதே விண்ணப்பத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, முப்பத்தெட்டுப் பெண்களை நோட்டில் இரண்டு முறை எழுத வைத்திருந்தேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு விண்ணப்பம்கூட நான் நிஜமாக எழுதி எந்த அலுவலகத்துக்கும் அனுப்பியதில்லை என்பது அந்த ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அவளுடைய அம்மாவுக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. கடைச் சீருடைப் புடவையோடு அப்படியே ஓடி வந்தார். மகளின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

“மிஸ், அரையாண்டுப் பரீட்ச எழுதிடுவாளா?”

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? அவர்மேல் காட்ட முடியுமா? அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கியதே நாங்கள்தானே.

மறுநாள் வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். “நேத்து என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழியை மூடச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்க. நிஜமாவே கொண்டு போய்க் கொடுக்கப் போறோம்.”

“மிஸ், இதுக்கு எத்தனை மார்க்?” என்றாள் முதல் பெஞ்சில் ஒருத்தி.

“மார்க் இல்லை.”

“அப்ப ரஃப் நோட்டுலயே எழுதலாமா மிஸ்?”

இருபது நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தெருவிளக்கைப் பற்றி எழுதியிருந்தார்கள். கேட்டால், “கைடுல குழி இல்லையே மிஸ்” என்றார்கள். குழியைப் பற்றி எழுதியவர்களும் அந்தத் தெருவிளக்கு விண்ணப்பத்தில் விளக்கை எடுத்துவிட்டுக் குழியை வைத்திருந்தார்கள். ‘எங்கள் தெருவில் குழி பழுதடைந்துள்ளது’ என்று ஒரு வாக்கியம். பழுதடைந்த குழி! எந்தத் தெரு, எந்த இடம், எவ்வளவு ஆழம், யார் விழுந்தது, எதுவும் எந்தத் தாளிலும் இல்லை. முப்பத்தேழு பேரும் அனுப்புநர் இடத்தில் ‘அ அ அ’ என்று அழகாக எழுதியிருந்தார்கள்.

“உன் பேரை எழுதுடி. அ அ அ-ன்னு எழுதினா அவங்க யாரைத் தேடி வருவாங்க?”

“பேர் எழுதினா அடிப்பேன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?”

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, “உங்க வீட்டுல இந்த மாதிரி விண்ணப்பமெல்லாம் யார் எழுதுவாங்க?” என்று கேட்டேன். மாட வீதியில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவளுடையது. “எங்காத்துல எல்லாம் அப்பாதான் பாத்துப்பா மிஸ். நாங்க படிச்சுண்டு மட்டும் இருந்தாப் போறும்னு சொல்லுவா” என்றாள். மற்றவர்கள் வீட்டில் எழுதுபவரே இல்லை. பதிவு அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் போவார்களாம்.

சரி, குழியையாவது போய்ப் பார்ப்போம் என்று வெளியே கூட்டிப்போனேன். எவ்வளவு அகலம் என்று அளக்கச் சொன்னால் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்து, குனிந்து குனிந்து வைத்து நகர்த்தினார்கள். மூன்று பேர் மூன்று அளவு சொன்னார்கள். கனசதுரத்தின் கன அளவை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள். இது எத்தனையாவது வார்டு என்று கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டிருந்த இஸ்திரி வண்டி அம்மாதான் தலையைத் தூக்காமலே வார்டு எண்ணைச் சொன்னார். அலுவலகம் எந்தத் தெருவில், எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருப்பார்கள் என்பதையும் சொன்னார். வண்டியை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தபோது நாலு தடவை அலைந்திருக்கிறாராம்.

“புக்குல போட்டுக்கீறாங்களா இதெல்லாம்?” என்று கேட்டுவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

தலைமையாசிரியைக்கு விஷயம் போய்விட்டது. கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது, அதுவரை யாரும் கேள்வி கேட்காமல் போய்விட வேண்டும் என்று நினைப்பவர்.

“ஸ்கூல் பேர்ல எதுவும் வேண்டாம், டீச்சர். நாளைக்குக் கட்டடச் சான்றிதழுக்கு அவங்ககிட்டதான் போய் நிக்கணும். அதுவும் கிளாஸ் நேரத்துல புள்ளைங்களைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போனீங்களாமே? ரிவிஷன் டெஸ்ட் வருது. போர்ஷன் முடிஞ்சிடுச்சா?”

“விண்ணப்பம் எழுதுறதும் போர்ஷன்தான் மேடம்.”

“அதான் எழுதிக் கத்துக் குடுத்துட்டீங்களே. கொண்டு போயும் குடுக்கணும்னு எங்க போட்டிருக்கு?”

எங்கும் போடவில்லைதான்.

பள்ளியின் பெயர் இல்லாமல், அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களாகப் பெண்களே எழுதட்டும் என்று முடிவு செய்தோம். மூன்று முறை திருத்தி எழுதினார்கள். மூன்றாவது தடவை அந்த விண்ணப்பத்தில் தெருப்பெயர் இருந்தது, வார்டு எண் இருந்தது, டேப் வைத்து அளந்த அளவு இருந்தது, கை முறிந்த நாள் இருந்தது, பன்னிரண்டு பேரின் நிஜமான கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கே அரை மணி நேரம். பலருக்குக் கையெழுத்து என்று ஒன்று இல்லை. அங்கேயே உட்கார்ந்து உருவாக்கினார்கள்.

பள்ளி விட்டதும் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் வாங்கிப் படித்தார். “எழுத்து நல்லா இருக்கே” என்றார். “வெச்சிட்டுப் போங்கம்மா, பாக்கச் சொல்றேன்” என்றார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு, ஏதோ சாதித்துவிட்டதைப் போல, வழியில் ஆளுக்கொரு பஜ்ஜி சாப்பிட்டுக் கலைந்தோம்.

பத்து நாள் ஆயிற்று. குழி அப்படியே இருந்தது. புதிதாக ஒரு கிளை மட்டும் வந்திருந்தது. மறுபடி போனோம். இந்தமுறை கட்டுப்போட்ட கையோடு விழுந்த பெண்ணும் வந்தாள். மேசையில் வேறு ஒருவர்.

“எந்த லெட்டர்?”

“போன வாரத்துக்கு முன்ன வாரம் குடுத்தோம் சார்.”

“ரசீது இருக்கா? காப்பில சீல் வாங்கினீங்களா?”

நகல் எடுக்க வேண்டும், அதில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும் என்று எங்களில் யாருக்குமே தெரியாது. முதுகலைத் தமிழும் கல்வியியலும் படித்த எனக்கும் தெரியாது. எங்கள் பாடம் உறைமேல் முகவரியோடு முடிந்துவிடும். உறைக்குள் போனது என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் யாருக்கும் சொன்னதில்லை.

“அப்ப மறுபடி எழுதிக் குடுங்க” என்று அவர் வேறு பக்கம் திரும்பினார். வகுப்பில் நாற்பது பேரை ஒரே அதட்டில் அடக்குகிறவள், அந்த மேசைக்கு முன்னால் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். கட்டுப்போட்ட பெண்தான் முன்னே போனாள்.

“சார், நான்தான் சார் அதுல வுழுந்தவ.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“எழுதிக் குடுக்கறோம் சார். இங்கியே குந்திக்கினு எழுதறோம். ஆனா ஆரு வந்து பாப்பாங்க, அவங்க பேரு இன்னா, எப்ப வருவாங்க, சொல்லுங்க.”

“நாளைக்கு வருவாங்கம்மா.”

“நாளைக்கு எத்தினி மணிக்கு சார்? நாங்க வாசல்ல நிக்கறோம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் ஓர் இளநிலைப் பொறியாளரை அழைத்து வந்தார். இது மாநகராட்சி வடிகாலா, குடிநீர் வாரியத்தின் குழாய்க் குழியா என்று அவர்கள் இருவருக்குள்ளேயே ஒரு வாக்குவாதம். எங்கள் வழிகாட்டி நூலில் எல்லாக் குழிக்கும் எல்லா விளக்குக்கும் எல்லாக் குப்பைக்கும் ஒரே ஓர் ஆணையர்தான். வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். கடைசியில் அளவைப் படித்துப் பார்த்துவிட்டு, “இது நம்மளுதுதான்” என்று பொறியாளர் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் சொல்லச் சொல்ல இன்னொருத்தி எழுதினாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்து முத்திரை வாங்கினோம்.

தமிழில் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று வாங்குகிறவள் அந்தக் கட்டுப்போட்ட பெண். பெற்றோர் கூட்டத்தில் அவளைப் பற்றி ‘சுமார்’ என்று அவள் அம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை இரண்டு பேர் ஒரு மினி லாரியில் வந்து புது மூடியை இறக்கிப் பொருத்திவிட்டுப் போனார்கள். இடைவேளை நேரம். பெண்கள் எல்லாம் வாசலில் முண்டியடித்துப் பார்த்தார்கள். ஒருத்தி அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தாள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வாரம்கூட அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, “மிஸ், இந்தத் தெரு வேலையெல்லாம் பொண்ணுங்க வளந்தப்புறம் தானா கத்துக்குவாங்க. இப்ப மார்க் முக்கியம்” என்றார். நான் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன், எனக்கு இன்னும் தானாக வரவில்லை என்று சொல்ல எழுந்தேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதைவிட மோசமானது தை மாதத் திருப்புதல் தேர்வில் நடந்தது. ‘உங்கள் பகுதியில் குடிநீர் சரிவர வராதது குறித்து விண்ணப்பம் எழுதுக’ என்று கேள்வி. குழியில் விழுந்த பெண்ணின் கை அதற்குள் சரியாகியிருந்தது. அவள் குடியிருப்பில் நிஜமாகவே தண்ணீர்ப் பிரச்சினை. எந்த பிளாக், எந்தக் கிழமை வருவதில்லை, அடிபம்பு எப்போதிலிருந்து வேலை செய்யவில்லை, எத்தனை வீடு, எல்லாம் எழுதியிருந்தாள். ‘இதன் நகலில் முத்திரையிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்துச் சொந்தப் பெயரில் கையெழுத்தும் போட்டிருந்தாள். தாள்களை மாற்றித் திருத்துவது எங்கள் வழக்கம். அவள் தாள் பக்கத்து வகுப்புத் தமிழாசிரியையிடம் போயிருந்தது. ஐந்துக்கு ஒன்றரை.

ஆசிரியர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

“உறைமேல் முகவரி இல்லை. விளித்தல் இல்லை. பேர் வேற எழுதி வெச்சிருக்கா” என்றார் அவர். “பப்ளிக்ல இப்படி எழுதினா பேப்பரையே தனியா எடுத்து வெச்சிடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா? முகாம்ல நீங்களே இதுக்கு எவ்வளவு போடுவீங்க, சொல்லுங்க.”

ஒன்றரைதான் போடுவேன். அதுகூடப் போட்டிருப்பேனோ என்னவோ. டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிடாமல் மூடினேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, பொதுத்தேர்வில் கைடில் இருப்பதைப் போலவே எழுத வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்ப அந்த ஆபீஸ்ல எழுதினது தப்பா மிஸ்?”

“தப்பில்லைடி. அதுதான் சரி.”

“அப்ப இதுவா தப்பு?”

“இது பரீட்சை” என்றேன். இத்தனை வருட அனுபவத்தில் எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு போனாள். பொதுத்தேர்வில் கைடில் இருந்ததையே எழுதித் தேர்ச்சி பெற்றாள்.

அந்தக் கோடை விடுமுறையில் தமிழாசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். கடைசியில் கருத்து ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். எழுந்து, இந்தக் கேள்வியின் விடைக்குறிப்பையே மாற்ற வேண்டும் என்றேன். உறைமேல் முகவரிக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைச் செய்தியில் விவரம் இருக்கிறதா என்பதற்குக் கொடுங்கள், பெயருக்குப் பதில் ஒரு கற்பனைப் பெயரையாவது எழுத விடுங்கள், சரியான அலுவலகம் எது என்று கண்டுபிடிப்பதையும் பாடமாக வையுங்கள் என்று படபடவென்று சொன்னேன். பயிற்சி நடத்தியவர் தலையாட்டினார்.

“நல்ல கருத்து, டீச்சர். எழுத்துப்பூர்வமா குடுங்க.”

கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் விண்ணப்பம் அது. வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. நினைவூட்டலும் அனுப்பினேன். விடைக்குறிப்பு மாறவில்லை. இந்த வருட முகாமிலும் தெருவிளக்குகள் கட்டுக் கட்டாக வந்தன. எரிச்சலோடு திருத்தினேன், ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை மட்டும் எனக்கு விட்டுவிடச் சொல்லித் தலைமையாசிரியையிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். தமிழ் என்றுதான் கால அட்டவணையில் இருக்கும். ஒரு வாரம் ரயில் முன்பதிவுப் படிவம், ஒரு வாரம் வங்கிப் படிவம். பாதி நாள் சிறப்பு வகுப்பு என்று கணக்கு ஆசிரியை அந்த நேரத்தையும் எடுத்துக்கொண்டுவிடுவார்.

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தின் நகலைக் கொண்டு வந்து பெண்களுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். வராந்தாவில் போன தலைமையாசிரியை உள்ளே வந்தார். ஒரு தாளை எடுத்துப் பார்த்தார்.

“இது என்ன டீச்சர்? இது தமிழ்ப் பாடமா?”

“தமிழ்லதானே மேடம் அச்சடிச்சிருக்கு?”

திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். பாதிவரை போனதும் ‘ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் மருத்துவமனை பொறுப்பல்ல’ என்ற வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

“இதுல இப்படியா போட்டிருக்கு?” என்று என்னைக் கேட்டார். “ஆவணில எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்போது நான் இதுலதான் கையெழுத்துப் போட்டேன்.”

அவர் மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.